தங்கள் பாதுகாப்பு கருதி

ஜூலை 3, வியாழன்

வார விடுமுறை. காலையில் மில் யூனிஃபார்ம் இரண்டு செட் துவைத்துக் காயப்போட்டேன். சாம்பார் வைத்தேன், பரவாயில்லை. பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன் சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒரு ரயிலைக்கூட ஓட்டவில்லை.

ஆத்திரத்தை எங்காவது கொட்டியாக வேண்டும் என்பதற்காகத்தான் பழைய டைரியைத் தேடி எடுத்தேன். வீட்டில் கேட்க ஆளில்லை. குழலி ஞாயிற்றுக்கிழமை தென்காசிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். குற்றால சீசன். சாரல் நன்றாக இருக்கிறதாம்.

இந்த ரயில் ஆட்டத்தை இரண்டு வருஷத்துக்கு முன்னால் முழு விலை கொடுத்து வாங்கினேன். பெயரை எழுதி அவர்களுக்கு விளம்பரம் தேடித்தர எனக்கு இஷ்டமில்லை. தண்டவாளம் போட வேண்டும், ஸ்டேஷன் கட்ட வேண்டும், வண்டிகளை நேரத்துக்கு ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். எதிரில் இன்னொரு ஆட்டக்காரன் கிடையாது. தனி ஆளாக மூலையில் உட்கார்ந்து ஆடுவது. அதற்கு எதற்கு இன்டர்நெட்? ஆனால் நெட் இல்லாமல் அது வாயைத் திறக்காது. ஆட்டத்தைத் திறக்க ஒரு செயலி, அந்தச் செயலியைத் திறக்க இன்னொரு செயலி. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனிக் கடவுச்சொல். இரண்டாவதற்கு இன்று அப்டேட் வேறு.

எல்லாம் முடிந்த பிறகு, "நீங்கள் புதிய கணினியிலிருந்து நுழைகிறீர்கள்" என்றது. புதிய கணினியாவது! ஹார்டு டிஸ்க் போய்விட்டதென்று போன வாரம் வேறு மாட்டினேன். வீட்டுக்குக் கதவு மாற்றினால் வீட்டுக்காரனும் மாறிவிடுவானா? செல்லுக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடு என்றது. என் செல்லுக்கு ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், திரையில் காட்டிய கடைசி இரண்டு இலக்கங்கள் குழலி நம்பருடையவை. ஆட்டம் வாங்கிய அன்று என் செல் ரிப்பேர் கடையில் இருந்தது. அவசரத்துக்கு அவளுடையதைக் கொடுத்திருக்கிறேன்.

கூப்பிட்டேன். ஏழாவது தடவை எடுத்தாள்.

"குளிச்சிட்டிருந்தேங்க."

"எத்தனை தடவை கூப்பிடுறது?"

"பாத்தேன். என்ன விஷயம்?"

ஆட்டத்துக்கு ஆறு இலக்கக் கோடு ஒன்று வந்திருக்கும், சொல் என்றேன். செய்தியைத் தேடி எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்குள் அது காலாவதி. மறுபடி அனுப்பச் சொன்னால், அதிக முறை முயன்றுவிட்டீர்கள், நாளை வாருங்கள் என்று கதவைச் சாத்திவிட்டது. என் ஆட்டம், என் வீடு, என் விடுமுறை. நாளைக்கு வா என்கிறான்!

ஜூலை 5, சனி

முதல் ஷிஃப்ட். மூன்று மணிக்கு வந்தேன். இன்று குழலி நாலாவது தடவையிலேயே எடுத்துக் கோடு சொன்னாள். சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்புச் சொல்லும் பெண் தேவலை, நன்றி என்றாவது சொல்வாள்.

முக்கால் மணி நேரம் ஆடினேன். புளியங்குடி மாதிரி ஒரு ஊர் அமைத்து ஸ்டேஷன் கட்டினேன். பிளாட்பாரத்துக்குக் கூரை போடும்போது காற்றில் நெட் போய்விட்டது. "இணைப்பு துண்டிக்கப்பட்டது. முதன்மைப் பக்கத்துக்குத் திரும்புகிறோம்." நான் எங்கும் திரும்பச் சொல்லவில்லையே! கட்டியதில் பாதி போயிற்று. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இவன் இருக்கிறானா, இவன்தானா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. பதில் வராவிட்டால் உடனே சந்தேகம்.

ஜூலை 6, ஞாயிறு

தோசை மாவு புளித்துவிட்டது. கோடு கேட்டேன், சொன்னாள்.

ஜூலை 8, செவ்வாய்

மில்லில் எங்கள் எலெக்ட்ரிக்கல் பிரிவில் என்னோடு வேலை பார்க்கும் ரெங்கராஜாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்தான்.

"அந்த ஆட்டமா? நான் ஒரு வருசமா ஆடுறேன். க்ராக் பண்ணினது. நெட்டும் வேணாம், கோடும் வேணாம். இன்னைக்கு வரைக்கும் நீ யாருன்னு என்னை ஒருத்தன் கேட்டதில்லை."

"நான் காசு குடுத்து வாங்கியிருக்கேன்யா."

"அதான் உங்களைக் கேக்குறான்."

வயிற்றெரிச்சல். திருடனுக்கு ராஜமரியாதை, வாங்கியவனுக்கு விசாரணை. அவன் இன்னொன்றும் கேட்டான்: "கோடு போடுற எடத்துல, இந்தக் கம்ப்யூட்டரை நினைவில் வைக்கவான்னு ஒரு கட்டம் வருமே? அதுல டிக் போட்டுட்டா அப்புறம் அது கேக்காதே, சொக்கலிங்கம்?"

கவனிக்கவில்லை என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கோடு கேட்டேன். அந்தக் கட்டம் இருக்கத்தான் செய்கிறது. டிக் போட மறந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

இன்று குழலியே கூப்பிட்டாள். செல்லைக் கையில் எடுப்பதற்குள் கீழே போட்டுவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

"ஏங்க, உங்களுக்கு ஒரு கோடு வரும். சொல்லுங்க."

அவளுடைய பேங்க், இமெயில், கேஸ், எல்லாவற்றுக்கும் என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறது. கல்யாணம் ஆன புதிதில் நான்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வந்த செய்தியைப் பார்த்தேன். ஏதோ வேலைவாய்ப்புத் தளம்.

"எதுக்கு இது?"

"சும்மாதான்."

"சும்மாவா? வேலைக்கு விண்ணப்பமா? இங்க ஆஸ்பத்திரியில நல்லாத்தானே பிசியோதெரபி பாத்துக்கிட்டிருக்க?"

"நீங்க தெனமும் ஆட்டத்துக்குக் கோடு கேக்கீங்க. எதுக்குன்னு ஒருநாளாவது நான் கேட்டேனா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சிக்னல் விட்டு விட்டு வருகிறது, சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்தேன். கோடு காலாவதி ஆகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ரசம் வைத்தேன். உப்பு அதிகம்.

அப்படியானால் அங்கேயே இருந்துவிடுவதாக முடிவா? திரும்பி வரும் எண்ணமே இல்லையா? பத்து நாளில் வந்துவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். பையில் நாலு சேலைதான் எடுத்துப் போனாள்.

ஜூலை 10, வியாழன்

விடுமுறை. மாமனார் கூப்பிட்டார். குற்றாலிங்கம் மாமா பேசினால் முதல் பத்து நிமிஷம் மழை, அருவி, மாம்பழம் என்றே போகும். இன்று நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ளை, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு சத்தம் போட்டீயளாமே?"

"சத்தமெல்லாம் போடலை மாமா. விசாரிச்சேன்."

"பெரிய டாக்டர்ட்டயே போய், எம் பொண்டாட்டி எங்கன்னு கேட்டீயளாம்லா."

இதற்கு அவர் சொன்ன விதமே தப்பு. நடந்தது இதுதான். குழலி போன மாதம் ஒருநாள் தளவாய்புரத்தில் ஒரு பக்கவாத நோயாளி வீட்டுக்கு, கால் பயிற்சி கொடுக்கப் போயிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. அவள் செல்லில் இருக்கும் இடத்தைக் காட்டும் ஆப் ஒன்றை நான் போட்டு வைத்திருக்கிறேன். அந்தப் புள்ளி தளவாய்புரத்தில் ஒரே தெருவில் நகராமல் நிற்கிறது. கூப்பிட்டால் எடுக்கவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டேனோ எனக்கே தெரியாது. பதறாதா? ஆஸ்பத்திரிக்குப் போய் ரிசப்ஷனில் கேட்டேன். அந்தப் பெண் உட்காருங்கள் என்றாள். டாக்டரிடம் போனேன். வெளியே நாலைந்து நோயாளிகள் இருந்தார்கள், உண்மைதான். கட்டிய புருஷன் கேட்கக் கூடாதா?

அவள் அந்த மனிதரின் காலைக் கையில் தாங்கிப் பிடித்திருந்தாளாம். எப்படி எடுப்பாள் என்று மாமா கேட்டார்.

"எல்லாம் அவ பாதுகாப்புக்குத்தான் மாமா" என்றேன்.

"சரி மாப்ளை" என்று வைத்துவிட்டார். மாம்பழத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆட்டத்தைத் திறக்கவில்லை. கோடு கேட்கவும் ஒரு மாதிரியாக இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

ஆட்டக் கம்பெனிக்குப் போன வாரம் புகார் எழுதியிருந்தேன். பதில் வந்திருக்கிறது. எழுதியது மனிதனா மெஷினா தெரியவில்லை. "அன்புள்ள பயனரே, தங்கள் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். இந்தச் சோதனைகள் அனைத்தும் தங்கள் பாதுகாப்பு கருதியே."

என் பாதுகாப்பாம்! ரயில் ஆட்டத்தில் எனக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது? தண்டவாளத்தில் விழுந்துவிடுவேனா? உடனே உட்கார்ந்து பதில் தட்டினேன். வார்த்தை அருவி மாதிரி கொட்டியது. அதிலிருந்து கொஞ்சம் இங்கே எழுதி வைக்கிறேன்:

"ஐயா, நான் திருடன் இல்லை. முறையாக, நாலு பேர் அறிய வாங்கியவன். என் வீட்டில், என் மேஜையில் நான் என்ன செய்கிறேன் என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறீர்கள். ஒரு நிமிஷம் பதில் வரவில்லையென்றால் குற்றவாளியாக்கி வெளியே தள்ளுகிறீர்கள். கேட்டால் பாதுகாப்பு என்கிறீர்கள். இது பாதுகாப்பு இல்லை, நம்பிக்கை இல்லாத குணம். நம்பிக்கை இல்லையென்றால் முதலிலேயே விலகிக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு சந்தேகப்படாதீர்கள். இப்படி இருந்தால் எந்த மனிதன்தான் உங்களோடு"

இதற்கு மேல் தட்டவில்லை. எழுதியதை முதலிலிருந்து ஒரு தடவை படித்தேன். கடிதத்தை அனுப்பவும் இல்லை. மாவு வாங்கக் கடைக்குப் போனேன். கடை அடைத்திருந்தது. சும்மா காந்தி சிலை ரவுண்டானா வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 14, திங்கள்

இன்றும் கோடு கேட்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. தெருக்கோடி அம்மன் கோயில் ஸ்பீக்கர் விடியும்போதே ஆரம்பித்துவிட்டது. இன்றைக்காவது ஆடலாம் என்று திறந்தால், "சர்வர் பராமரிப்புப் பணி. சில மணி நேரம் சேவை இருக்காது." சரி, நெட் இல்லாமல் ஆடும் வசதி ஒன்று உண்டென்று அவர்களே விளம்பரத்தில் போட்டிருக்கிறார்களே, அதை அழுத்தினேன். என்ன சொன்னது தெரியுமா? "இணையமில்லா முறைக்கு மாற, இணையத்தில் எங்கள் சர்வரோடு இணையவும்." நாற்காலியிலிருந்து எழுந்து நின்று திட்டினேன். பக்கத்து வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பதினோரு மணிக்குக் குழலி கூப்பிட்டாள். ஒரு வாரமாகப் பேசவில்லை. குரல் கொஞ்சம் கட்டியிருந்தது, சாரலில் நனைந்திருப்பாள்.

"மூணு கோடு வரும். ஒண்ணொண்ணாச் சொல்லணும். சொல்லுவீங்களா?"

முதல் செய்தி வந்தது. பேங்கிலிருந்து. தங்கள் கணக்கில் பதிவான மொபைல் எண்ணை மாற்ற, என்று ஆரம்பித்து எண் கொடுத்திருந்தான். கீழே, இதை நீங்கள் கேட்கவில்லையென்றால் உடனே எங்களுக்குத் தெரிவிக்கவும்.

நான் கேட்கவில்லைதான்.

என் நம்பரை எடுத்துவிட்டு அவளுடையதைப் போடப்போகிறாள். பேங்கில், இமெயிலில், எல்லாவற்றிலும். சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்று சொல்ல எனக்கு எத்தனை நேரமாகும்? வாய்வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால் இன்று தப்பிக்கலாம், நாளை என்ன செய்வது? இந்த எண்ணைக் கொடுத்தால் அவள் போய்விடுவாள் என்று தோன்றியது. கொடுக்காவிட்டால் போய்விட்டவள்தான் என்றும் தோன்றியது. அந்தப் பக்கம் மழை பெய்யும் சத்தம் கேட்டது, தென்காசி மழை.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். எழுதிக்க."

சொன்னேன். இரண்டாவது வந்தது, சொன்னேன். மூன்றாவதும். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ்" என்றாள். கல்யாணமான இந்த மூன்று வருஷத்தில் இவள் என்னிடம் தேங்க்ஸ் சொல்லிக் கேட்டதில்லை. அந்நியரிடம் சொல்வது மாதிரி இருந்தது. "உங்க ஆட்டத்துலயும் உங்க நம்பரையே போட்டுக்கிடுங்க. இப்பவே மாத்துங்க, கோடு வந்தா சொல்லுதேன்."

"சர்வர் வேலை செய்யலை."

"சர்வர் வந்த பெறவு கூப்பிடுங்க. இனிமே ரெண்டு பேருக்கும் தொந்தரவில்ல."

மத்தியானம் சர்வர் வந்துவிட்டது. தேவையில்லாதபோது சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கும். கூப்பிட்டேன், சொன்னாள், மாற்றினேன். அந்தக் கட்டத்தில் டிக்கும் போட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

இனி கோடு இல்லை. திறந்தால் திறக்கிறது. நெட்டும் ஒழுங்காக இருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன் தூங்காமல் சாயங்காலம்வரை ஆடினேன். என் புளியங்குடி ஸ்டேஷனுக்குக் கூரை போட்டு முடித்தாயிற்று. எல்லா வண்டியும் நேரத்துக்கு வந்தன, நேரத்துக்குப் போயின. எனக்குப் பிடிக்கவே இல்லை.

அவள் இல்லாத வீடு பெரிதாக இருக்கிறது. இதை முதல் நாளே எழுதியிருக்கலாம்.

ஜூலை 21, திங்கள்

இடம் காட்டும் ஆப்பை என் செல்லிலிருந்து எடுத்துவிட்டேன். அவள் புள்ளி இந்த மாதம் பூராவும் அதில் தெரியவில்லை. ஊருக்குப் போன அன்றே அவள் எடுத்திருப்பாள். இருந்தாலும் எடுத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

ரெங்கராஜா ஆட்டம் எப்படிப் போகிறது என்று கேட்டான். நன்றாகப் போகிறது என்றேன். "இப்ப ஒன்னும் கேக்கலையில்ல?" என்றான். ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

ஜூலை 24, வியாழன்

விடுமுறை. ஆடி அமாவாசை. வீடு கூட்டித் துடைத்தேன். கம்ப்யூட்டரைப் போடவில்லை.

பத்து மணி இருக்கும், குழலியைக் கூப்பிட்டேன். கேட்க ஒரு கோடும் இல்லை. என்ன பேசுவது என்று நேற்றே யோசித்து வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் நான் செய்தது தப்பு என்று சொல்ல வேண்டும். அவள் பதில் சொல்லாவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை.

கட்டைவிரல் தானாக மறுபடி அழுத்தப் போனது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது, அது எவ்வளவு பழகிப்போன விரல் என்று. செல்லைக் கவிழ்த்து அரிசி டப்பா மேல் வைத்தேன். குளித்துக்கொண்டிருப்பாள். இல்லை, கோயிலுக்குப் போயிருப்பாள். இல்லை, அந்த வேலைக்கே நேர்முகத் தேர்வாக இருக்கலாம். எங்கே இருந்தால் என்ன, எங்கோ ஓரிடத்தில் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நெஞ்சு கேட்டால்தானே? வாழைக்காய் நறுக்கினேன். நறுக்கிய பிறகுதான் கூட்டுக்கா வறுவலுக்கா என்று யோசித்தேன். சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். செல் பக்கம் போகவில்லை. ஒரு ஷிஃப்ட் மில்லில் நின்று வேலை பார்ப்பது இதைவிடச் சுலபம்.

சாப்பிட உட்கார்ந்தபோது செல் அடித்தது. குழலி. மூச்சு வாங்கியது அவளுக்கு.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒன்னும் ஆகலையே. ஏன்?"

"இல்ல, இப்பதான் செல்லப் பாத்தேன். ஒரே ஒரு மிஸ்டு கால்தான் கெடக்கு. பயந்தே போயிட்டேன். ஒடம்புக்கு எதும் முடியலியா?"

நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.